இயங்கா மின்விசிறி: அதன் நோயும் தீர்வும்

முகவுரை

விசிறு என்னும் வினைப்பகுதியோடு இகரமாகிய கருவிப்பொருள் விகுதி சேர்ந்து விசிறி என்னும் சொல் பிறந்தது என்பதை இலக்கணம் பயில்வார் யாவரும் அறிவர். பனையோலையாலும் வெட்டிவேராலும் மயிற்பீலியாலும் விசிறி செய்து கையால் வீசிக் கோடையை ஆற்றினர் நம் முன்னோர். ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் நீதிமன்றங்களிலும் தேவாலயங்களிலும் துரைமார் மாளிகைகளிலும் பெருந்துணியாலாய பங்காக்கள் தொங்கின. வெளித்தாழ்வாரத்தில் அமர்ந்த ஏழை ஒருவன் அதன் கயிற்றை ஓயாது இழுத்துக்கொண்டிருப்பான். அவன் கண்ணயர்ந்தால் உள்ளே காற்று நின்றுவிடும். 1882-ஆம் ஆண்டில் பிலிப் டீல் என்பார் தையல் யந்திரத்தின்பொருட்டுத் தாம் அமைத்த மின்சார மோட்டாரையே மேற்கூரையிலிருந்து தொங்கவிட்டு இறக்கைகளைப் பூட்டினர். அன்றுமுதல் அக்கயிறும், அதனைப் பற்றியிருந்தவன் உறக்கமின்மையும் ஒழிதற்கு வழி பிறந்தது.

ஆயின் ஒன்று. பங்கா நின்றால் அதன் காரணத்தை அறிதல் எளிது. தாழ்வாரத்தை எட்டிப்பார்த்தாற் போதும். மின்விசிறி நின்றால் எங்கே எட்டிப்பார்ப்பது? இவ்வினாவிற்கு யாம் கண்ட விடையே இக்கட்டுரையாம்.

தமிழ் பயிலும் யாம் இப்பொருளைப்பற்றி எழுதப் புகுந்தமை கண்டு நகைப்பாரும் சிலர் இருத்தல் கூடும். யாம் யந்திரக்கலை வல்லுநர் அல்லோம். எனினும், சென்ற பங்குனித் திங்களில் எம் அறையில் நிகழ்ந்தது ஒன்று எம்மை இதனை எழுதத் தூண்டிற்று. அதனை முதற்கண் கூறி, பின்னர் நூன்முறைப்படி பொருளை வகுத்துரைப்போம்.

நிகழ்ந்தது

எம் அறை விடுதியின் மேல்மாடியில் மொட்டைமாடியின் நேர்கீழே உள்ளது. அதனில் மூவர் உறைகின்றோம். இருவர் தமிழும் ஒருவர் பௌதிகமும் பயில்வோர். ஆண்டுத் தேர்வுக்குப் பத்து நாட்களே எஞ்சியிருந்த ஒரு நண்பகலில் எம் மின்விசிறி நின்றுவிட்டது. சுவிட்சைப் போட்டால் வண்டு முரல்வதுபோன்ற மெல்லொலி மட்டும் எழும், இறக்கைகள் அசையா. புகார்ப் புத்தகத்தில் எழுதிவைத்தோம். இரண்டு நாள் கழிந்தன, ஒருவரும் வந்திலர். இரவில் சுவர்களே அனல் கக்கின. உறக்கமின்றிப் படித்தது ஒன்றும் உள்ளத்தில் நிற்கவில்லை.

மூன்றாம் நாள் மாலை, பௌதிகம் பயிலும் நண்பர் தம் பொறுமையை இழந்தார். மேசைமேல் நாற்காலியை இட்டு, கையில் கட்டிங் பிளேயரோடு அதன்மேல் ஏறினார். சுவிட்சை அணைத்தாயிற்று, இனி அச்சமில்லை என்றார். யாமும் நாற்காலியின் காலைப் பற்றிக்கொண்டு நின்றோம். அவர் விசிறியின் மேற்கிண்ணத்தைக் கீழிறக்கிக் கம்பிகளை நோக்கி விரலை நீட்டிய அக்கணத்தில், தாழ்வாரத்து விளக்கைச் செப்பஞ்செய்ய வந்திருந்த முதியவர் ஒருவர் வாயிலில் நின்று, "தம்பி, கையை எடு! கீழே இறங்கு!" என்று கூவினார்.

நண்பர் இறங்கினார். பெரியவர் தம் ஏணியைக் கொணர்ந்து நாட்டி, அதன்மேல் ஏறி, சட்டைப்பையிலிருந்த டெஸ்டரை அக்கம்பியின் முனையில் வைத்தார். டெஸ்டர் செந்நிறமாய் ஒளிர்ந்தது! யாம் சுவிட்சைத் திரும்பிப் பார்த்தோம். அஃது அணைந்தே இருந்தது.

"சுவிட்சை நியூட்ரலில் கொடுத்திருக்கிறார்கள், தம்பி. சுவிட்சை அணைத்தால் விசிறி நிற்கும், கம்பி சாகாது," என்றார் அவர்.

அவ்வுரையைக் கேட்ட எமக்கு அவ்வறையின் வெப்பம் முழுதும் மறந்து உடல் குளிர்ந்தது. ஓமின் விதியைப் பிழையின்றி எழுதவல்ல நண்பர் ஒருவரும், அவர் நாற்காலியைப் பற்றிநின்ற யாமும், ஒரு விரற்கடை இடைவெளியில் தப்பினோம். அப்பெரியவர் அன்று மாலையும் மறுநாள் காலையும் எமக்குக் கற்பித்தவற்றையே, எம் பாடநூல்களோடு ஒப்பிட்டுத் தெளிந்து, ஈண்டுத் தொகுத்துத் தருகின்றோம்.

காப்பு முறை

நூலின் முதற்கண் காப்புச் செய்யுள் அமைப்பது தமிழ் மரபு. இத்தொழிலுக்கும் காப்பு உண்டு. அஃது ஐந்து கூறுகளை உடையது.

முதலாவது, சுவிட்சை அணைத்தல் மட்டும் போதாது. அவ்வறைக்கு மின்சாரம் வரும் பியூஸைக் கழற்றுதல் வேண்டும், அன்றி, எம்.சி.பி. என வழங்கும் தானியங்கித் துண்டிப்பானைக் கீழிறக்குதல் வேண்டும். கழற்றிய பியூஸை அங்கேயே வைத்து வாராது தம் பையில் இட்டுக்கொண்டு வருக. பிறனொருவன் அறியாது மாட்டிவிடுதல் உண்டு.

இரண்டாவது, துண்டித்த பின்னரும் டெஸ்டரால் சோதித்தே கம்பியைத் தொடுக. அதற்குமுன் அந்த டெஸ்டரே நன்னிலையில் உள்ளதா என்பதை மின்சாரம் உள்ள வேறோர் இடத்தில் வைத்துப் பார்த்தல் வேண்டும். கெட்ட டெஸ்டர் பொய்ச்சாட்சிக்கு ஒப்பாகும்.

மூன்றாவது, மேசைமேல் நாற்காலி இடுதல் ஏணியாகாது. ஷாக் அடித்து இறந்தோரினும், சிறிய ஷாக்கினால் நிலைதடுமாறி வீழ்ந்து எலும்பு முறிந்தோர் உளர் என்பதை மறவற்க.

நான்காவது, கண்டென்சர் என்னும் உறுப்பு மின்சாரத்தைத் துண்டித்த பின்னரும் சிறிது மின்னேற்றத்தைத் தன்னுள் தேக்கி வைத்திருத்தல் கூடும். அதன் இரு முனைகளையும் சிறிது மின்தடை வாயிலாக இணைத்து வெறுமையாக்கிய பின்னரே தீண்டுக. விசிறியில் இணைந்தவாறே நிற்பின் சுருள்களின் வழியே அம்மின்னேற்றம் பெரும்பாலும் தானே வடிந்துவிடும். தனியே கழன்றுநிற்பின் வடியாது.

ஐந்தாவது, தனித்து இவ்வேலையைச் செய்யற்க. உடன் ஒருவர் கீழே நிற்றல் வேண்டும். அவர் பியூஸ் இருக்கும் இடத்தை அறிந்தவராயும் இருத்தல் வேண்டும்.

விசிறியின் உறுப்பும் இயக்கமும்

மேற்கூரையில் தொங்கும் விசிறியின் நடுவே உள்ள உருண்டையான பெட்டியே மோட்டாராம். பெரும்பாலான மோட்டார்களில் வெளியுறுப்பு நிற்க உள்ளுறுப்புச் சுழலும். இதனிலோ முறை மாறியுள்ளது. செப்புக்கம்பிச் சுருள்களைத் தாங்கிய இரும்புத் தகட்டுக் கட்டு தண்டோடு பிணைந்து உள்ளே அசையாது நிற்கும். அதனைச் சூழ்ந்த வெளியோடும் அதனோடு பூட்டிய இறக்கைகளும் சுழலும். இவ்வோட்டினுள் அலுமினியச் சட்டங்கள் கூண்டுபோல் அமைந்த இரும்பு வளையம் ஒன்று உண்டு. அவ்வளையத்திற்கு வெளியிலிருந்து மின்சாரம் செல்வதில்லை. உள்ளே சுருளில் எழும் காந்தப்புலம் மாறமாற, அச்சட்டங்களில் தானே மின்னோட்டம் தூண்டப்படுகின்றது. இத்தூண்டலை 1831-இல் கண்டறிந்தவர் மைக்கேல் பாரடே. சுழலும் காந்தப்புலத்தால் மோட்டாரை இயக்கும் முறையை 1888-இல் வெளியிட்டோர், ஒருவர் மற்றவர்பாற் கல்லாமலே, இத்தாலியராகிய கலிலியோ பெராரிசும் அமெரிக்காவில் வாழ்ந்த நிக்கோலா டெஸ்லாவும் ஆவர்.

நம் வீடுகளில் வரும் மின்சாரம் 230 வோல்ட் அழுத்தமுடையது. ஒரு வினாடியில் 50 முறை அலைவது. ஒற்றைப் பேஸ் உடையது. இவ்வொற்றை அலைவினால் ஒரே சுருளில் எழும் காந்தப்புலம் முன்னும் பின்னும் மாறிமாறித் துடிக்குமேயன்றிச் சுழலாது. காலால் மிதிக்கும் தையல் யந்திரத்தை நோக்குக. அதன் மிதி உச்சநிலையில் நிற்குங்கால் தையற்காரர் எவ்வளவு அழுத்தினும் சக்கரம் உருளாது. அவர் கைச்சக்கரத்தைச் சிறிது திருப்பிவிட்டு மிதிப்பார், உடனே உருளும். முன்னே திருப்பினால் முன்னும், பின்னே திருப்பினால் பின்னும் உருளும். ஒற்றைச் சுருள் உடைய மோட்டாரின் நிலையும் இதுவே.

அக்கைச்சக்கரத்தைத் திருப்பும் வேலையைச் செய்யவே இரண்டாவது சுருள் ஒன்றும் கண்டென்சரும் வைக்கப்பட்டுள. முதற் சுருளை ரன்னிங் காயில் என்றும் இரண்டாவதை ஸ்டார்ட்டிங் காயில் என்றும் தொழிலாளர் வழங்குவர். கெப்பாசிட்டர் என்றும் கூறப்படும் கண்டென்சர், தன்வழிச் செல்லும் மின்னோட்டத்தின் அலையைச் சற்று முற்படச் செய்கின்றது. ஆகவே இரு சுருள்களிலும் காந்தப்புலம் ஒன்றன்பின் ஒன்றாய் எழுகின்றது; அவ்வாறு எழுதலால் சுழற்சி பிறக்கின்றது. மெய்யெழுத்து உயிரின் துணையின்றித் தானே ஒலித்தியங்காமைபோல, ரன்னிங் காயிலும் கண்டென்சரின் துணையின்றித் தானே இயங்கத் தொடங்காது என்க.

இங்கே ஒரு வேறுபாடு அறியத்தக்கது. சில மோட்டார்களில் இத்துணைச்சுருள் தொடங்கியபின் விலகிவிடும். விசிறியிலோ அஃது எஞ்ஞான்றும் உடனிருந்தே உழைக்கும். ஆதலின் கண்டென்சர் வலிகுன்றினால் விசிறி தொடங்காமை மட்டுமன்றி, தொடங்கியபின் மெல்லச் சுழலுதலும் நிகழும். பதினான்கு துருவங்களாகச் சுருள் சுற்றப்பட்ட விசிறியில் காந்தப்புலம் நிமிஷத்திற்கு ஏறத்தாழ 428 சுற்றுச் சுழலும்; இறக்கைகள் அதனினும் சற்றுக் குறைவாகவே சுழலும்.

நோய் நாடுதல்

திருக்குறளில் மருந்து என்பது 95-ஆம் அதிகாரம். நோய் இன்னதென்றும், அதன் காரணம் இன்னதென்றும், அதனைத் தணிக்கும் வழி இன்னதென்றும் முறையே ஆராய்ந்து மருத்துவம் செய்க என ஆசிரியர் ஆண்டு அறிவுறுத்துகின்றார். அவ்வரிசை யந்திரத்திற்கும் பொருந்தும். எடுத்த எடுப்பில் மோட்டாரைக் கழற்றுவோன், தலைவலி என்றவுடன் தலையைத் திறக்கும் மருத்துவனை ஒப்பான். இயங்கா விசிறியின் நோயை நான்கு வகையாகப் பகுக்கலாம்.

முதல்வகை, ஒலியுமில்லை, அசைவுமில்லை. இதனில் மோட்டாரை ஐயுறுமுன் மின்சாரம் அதனை அடைகின்றதா என்பதை ஐயுறுக. அறையின் விளக்கு எரிகின்றதா என நோக்குக. பியூஸையும் சுவிட்சையும் பார்க்க. ரெகுலேட்டரை முழுவேகத்தில் வைத்துப் பார்க்க. புதியவகை ரெகுலேட்டரினுள் இருக்கும் சிறு மின்னணு உறுப்புக் கெட்டால் மின்சாரம் விசிறியை அடையாது. ஆதலின் பியூஸைக் கழற்றிவிட்டு ரெகுலேட்டரை விலக்கிக் கம்பியை நேரே இணைத்து, பின் பியூஸை இட்டு நோக்கினால் குற்றம் ரெகுலேட்டரினதா அன்றா என்பது தெளிவாகும். அதன்பின் மேற்கிண்ணத்தினுள் உள்ள இணைப்புத் திருகுகளைக் காண்க. அதிர்வினால் அவை நெகிழ்ந்து கம்பி கழல்வது பெருவழக்கு.

ஈண்டு டெஸ்டரின் குறையொன்றையும் கூறுதல் வேண்டும். டெஸ்டர் பேஸ் உண்மையை அறிவிக்குமேயன்றி நியூட்ரல் உண்மையை அறிவியாது. விசிறியின் இரு முனைகளிலும் டெஸ்டர் ஒளிருமாயின் மகிழற்க. நியூட்ரல் எங்கோ அறுந்துள்ளது என்பதே அதன் பொருள். பேஸ் மின்சாரம் சுருளின் வழியே மறுமுனைக்கும் வந்து நிற்கின்றது. ஆகவே பழகியோர் இரு கம்பி பூட்டிய சோதனை விளக்கையே நம்புவர். அவ்விளக்கு விசிறியின் முனைகளில் நன்கு எரிந்தும் விசிறி ஓசையின்றிக் கிடப்பின், குற்றம் மோட்டாரின் உள்ளே உளது.

இரண்டாம்வகை, முரலொலி உண்டு, அசைவில்லை, மின்சாரத்தைத் துண்டித்துக் கையால் தள்ளினால் இறக்கை தடையின்றிச் சுழல்கின்றது. இது பெரும்பாலும் கண்டென்சரின் குற்றமே. இதனைத் துணிதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. சுவிட்சு அணைந்திருக்கும்போது இறக்கையின் ஓரத்தைத் தள்ளிச் சுழலவிட்டு, விலகி நின்றபின், மற்றொருவர் சுவிட்சைப் போடுக. தள்ளிய திசையிலேயே விசிறி வேகங்கொள்ளும். மீண்டும் நிறுத்தி எதிர்த்திசையில் தள்ளிப் பார்க்க. அத்திசையிலும் ஓடுமாயின், தையல் யந்திரத்தின் உவமை மெய்யாயிற்று. துணைச்சுருளின் வழி அடைபட்டுள்ளது. கண்டென்சரேனும் ஸ்டார்ட்டிங் காயிலேனும் கெட்டிருத்தல் வேண்டும். மின்சாரம் பாயும்போது ஓடாத விசிறியின் இறக்கையில் கைவைத்தல் ஒருபோதும் ஆகாது. முரலும் நிலையிலேயே விசிறியை நெடுநேரம் விட்டுவைத்தலும் ஆகாது. சுருள் சூடேறிக் கருகும்.

மூன்றாம்வகை, முரலொலி உண்டு. கையாலும் சுழலவில்லை, அன்றிக் கரகரவென்று தடுத்துச் சுழல்கின்றது. இது பேரிங்கின் குற்றம். தூசியும் உலர்ந்த கிரீஸும் துருவும் சேர்ந்து குண்டுகளை இறுக்கிவிட்டன.

நான்காம்வகை, சுவிட்சைப் போட்டவுடன் பியூஸ் எரிகின்றது, அல்லது கருகிய நாற்றம் வீசுகின்றது, அல்லது விசிறியின் தண்டைத் தொட்டால் ஷாக் அடிக்கின்றது. இது சுருளின் காப்புறை அழிந்ததன் அடையாளம். இதனில் மாணாக்கர் கைவைத்தல் கூடாது. உடனே துண்டித்துத் தொழில்வல்லாரிடம் ஒப்புவிக்க.

தீர்வு

கண்டென்சரை மாற்றுதல் எளிய செயலேயாயினும் கவனம் வேண்டுவது. அதன் உடலில் எழுதியிருப்பதைப் படித்து அதே அளவுடையதை வாங்குக. மேற்கூரை விசிறிகளில் பெரும்பாலும் 2.5 மைக்ரோபாரட் என்றும் 440 வோல்ட் என்றும் காணப்படும். வீட்டுக்கு வருவது 230 வோல்ட்தானே, 440 எதற்கு எனில், சுருளோடு தொடராக இணையுங்கால் கண்டென்சரின் முனைகளில் எழும் அழுத்தம் வரும் மின்னழுத்தத்தினும் மிகும், ஆதலின் என்க. பெரிய அளவு இட்டால் வேகம் பெருகும் என எண்ணிச் சிலர் அவ்வாறு செய்வர். சுருள் சூடேறி விரைவில் கெடும். அளவிற் குறைந்ததை இட்டால் விசிறி சோர்ந்தோடும்.

கண்டென்சர் ஏன் கெடுகின்றது? அதனுள் மிக மெல்லிய பிளாஸ்டிக் படலத்தின்மேல் அதனினும் மெல்லிய உலோகப்பூச்சு உள்ளது. மின்னழுத்தத்தால் படலத்தில் ஓரிடம் பொத்தலானால், அவ்விடத்தைச் சூழ்ந்த உலோகம் ஆவியாகிப் பொத்தல் தானே ஆறிவிடும். ஆயின் ஒவ்வோர் ஆறுதலிலும் பரப்புச் சிறிது குறைகின்றது. ஆண்டுகள் பல கழிந்தபின் 2.5 என்பது 2 ஆகும், பின் 1.5 ஆகும், விசிறியும் படிப்படியாக மெலிந்து, ஒருநாள் தொடங்காது நின்றுவிடும். கண்டென்சரைச் சுவரிலுள்ள பிளக்கில் செருகி மின்னேற்றிப் பின் முனைகளைத் தொடுவித்துத் தீப்பொறி காணும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது கைக்கும் கண்ணுக்கும் கேடு விளைப்பது. மேலும், அளவிற் குறைந்த கண்டென்சரும் பொறி காட்டும். கண்டென்சரை அளக்கும் வசதியுடைய மல்டிமீட்டரே தக்க கருவி.

சுருளைச் சோதித்தற்கும் மல்டிமீட்டர் போதும். விசிறியிலிருந்து வெளிவரும் கம்பிகள் மூன்று: பொதுக்கம்பி, ரன்னிங் கம்பி, ஸ்டார்ட்டிங் கம்பி. கண்டென்சரையும் மின்சாரத்தையும் முற்றும் விலக்கிவிட்டு இவற்றை இரண்டிரண்டாக அளக்க. மூன்று அளவு கிடைக்கும். அவற்றுள் மிகப் பெரியது மற்றிரண்டின் கூட்டுத்தொகைக்கு ஒத்திருத்தல் வேண்டும். உதாரணமாக, ஓரிணை 150 ஓம், மற்றோரிணை 200 ஓம் எனின், மூன்றாமிணை 350 ஓம் ஆகும். அம்மூன்றாமிணையில் சேராத கம்பியே பொதுக்கம்பி. யாதேனும் ஓரிணையில் வழியே இல்லை என மீட்டர் காட்டினால் ஒரு சுருளேனும் அறுந்துள்ளது. ஒவ்வொரு கம்பிக்கும் விசிறியின் உடலிரும்புக்கும் இடையே தொடர்பு சிறிதும் காட்டலாகாது. காட்டினால் அவ்விசிறி உயிர்க்கேடு விளைப்பது. அறுந்த சுருளை மீளச்சுற்றுதல் பட்டறையின் வேலை.

பேரிங்கை மாற்றுதல் மோட்டாரைத் திறந்தே ஆகவேண்டிய செயல். நம் விசிறிகளில் பெரும்பாலும் 6202, 6201 என்னும் எண்களையுடைய இரண்டு பேரிங்குகள் உள. மூடியைத் திறக்குமுன் இரு பாதிகளின் விளிம்பிலும் ஒரு கோடு கீறிக்கொள்க. மீளப் பூட்டும்போது அக்கோடுகள் நேர்படுதல் வேண்டும். திருகாணிகளை ஒன்றை முற்றும் கழற்றிப் பின் மற்றொன்று எனச் செய்யாது, யாவற்றையும் சிறிது சிறிதாக நெகிழ்த்துக. சுருளின் மேற்பூச்சில் கருவி படாமல் காக்க. தேய்ந்த பேரிங்கிற்குத் தேங்காயெண்ணெயை மேலிருந்து ஊற்றும் வழக்கம் நன்றன்று. சின்னாளில் அவ்வெண்ணெய் தூசியோடு கலந்து பசையாகிப் பழைய நோயையே மிகுவிக்கும்; சுருளிலும் வடியும்.

இறுதியாக, விசிறியை மீளத் தொங்கவிடுதல். கொக்கியில் மாட்டும் போல்ட்டையும், அதன் நட்டையும், நட்டுக் கழலாது காக்கும் ஸ்ப்ளிட் பின்னையும், ரப்பர் புஷ்ஷையும் ஒருமுறைக்கு இருமுறை காண்க. ஓடாத விசிறியால் வியர்வை வரும், அவ்வளவே. வீழும் விசிறியால் வருவது சொல்லத்தகாதது. இறக்கைகள் ஒரே நிறையினவாகத் தேர்ந்து சேர்க்கப்பட்டவை. ஒரு விசிறியின் இறக்கையை மற்றொன்றிற்கு மாற்றினால் ஆட்டம் காணும்.

எம் விசிறிக்கு உற்றது

எம் விசிறி இரண்டாம்வகை நோயுற்றது என்பதை அப்பெரியவர் எம்மைக்கொண்டே துணிவித்தார். இருதிசையிலும் தள்ளச் செய்தார், இருதிசையிலும் ஓடிற்று. மறுநாட் காலை யாம் 2.5 மைக்ரோபாரட் கண்டென்சர் ஒன்று வாங்கி வந்தோம். அதன் விலை ஒருவேளைச் சிற்றுண்டியின் விலையே. முதற்கண் அவர் சுவிட்சுப் பெட்டியைத் திறந்து, நியூட்ரலில் இருந்த சுவிட்சைப் பேஸுக்கு மாற்றினார். பின்பு பியூஸ் தம் பையிலிருக்க, பௌதிக நண்பரையே ஏணியில் ஏற்றினார். நண்பர் கைகள் சிறிது நடுங்கின. ஆயினும் பழைய கண்டென்சரை நீக்கிப் புதியதை இணைத்தார்.

சுவிட்சைப் போட்டதும் விசிறி எழுந்து சுழன்றது! யாம் ஆரவாரித்தோம். சிறிது நேரத்தில் ஆரவாரம் அடங்கிற்று. விசிறி வேகமாகவே சுழல்கின்றது. காற்றோ கீழே வரவில்லை! பெரியவர் நகைத்தார். விசிறி எதிர்த்திசையில் சுழன்று காற்றை மேற்கூரைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ரன்னிங் கம்பியையும் ஸ்டார்ட்டிங் கம்பியையும் நண்பர் இடமாற்றி இணைத்துவிட்டார். எச்சுருளின் வழியில் கண்டென்சர் நிற்கின்றதோ அதனைப் பொறுத்தே சுழலும் திசை அமையும் என்பதை யாம் அன்று எந்நூலினும் தெளிவாகக் கற்றோம். மீண்டும் பியூஸைக் கழற்றி, டெஸ்டரால் சோதித்து, இரு கம்பிகளையும் மாற்றினார். காற்று வந்தது. மேசைமேற் கிடந்த தாள்கள் பறந்தன. அவற்றைப் பொறுக்குதலும் அன்று இன்பமாயிற்று.

பெரியவர் ஏணியை மடக்கியவாறு ஒன்று கூறினார்: "நீங்கள் படிக்கிற பிள்ளைகள். நான் சொன்னதை எழுதி நாலு பேர் பார்க்கிற இடத்தில் ஒட்டுங்கள். அடுத்த அறையிலும் யாராவது சுவிட்சை நம்பி ஏறுவார்கள்."

யாம் அதனை விடுதிக் காப்பாளரிடம் தெரிவித்தோம். அவர் இசைவுடன் அப்பெரியவர் எம் வரிசையிலுள்ள அறைகள் யாவற்றையும் சோதித்தார். இன்னும் இரண்டு அறைகளில் சுவிட்சு நியூட்ரலில் இருப்பது வெளிப்பட்டது. அவையும் அவ்வாரமே திருத்தப்பெற்றன.

புதுவகை விசிறிகள்

மேற்கூறிய யாவும் தூண்டல் மோட்டார் விசிறிகட்கே உரியன. இந்நாளில் பி.எல்.டி.சி. என்னும் புதுவகை விசிறிகள் பெருகிவருகின்றன. அவற்றில் வெளியோட்டில் நிலைக்காந்தங்கள் பதிந்துள; சுருள்கட்கு மின்சாரத்தை முறைமாற்றி வழங்குவது ஒரு மின்னணுப் பலகை. தொடக்கும் கண்டென்சர் இவற்றிற்கு இல்லை. பழையவகை ஏறத்தாழ 75 வாட் கொள்ளுமிடத்துப் புதியவை 28 முதல் 35 வாட் அளவிலேயே ஓடும். நம் நாட்டில் 2023-ஆம் ஆண்டு ஜனவரி முதல் மேற்கூரை விசிறிகட்கு மின்சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திரக் குறி கட்டாயமாக்கப்பட்டதும் இவை பெருகுதற்கு ஒரு காரணம். இவை நின்றால் பேரிங்கையும் வரும் மின்சாரத்தையும் நாம் பார்க்கலாம். பலகையைப் பார்த்தல் அக்கலை கற்றார்க்கே உரியது. ஆயினும் காப்புமுறை இரண்டற்கும் ஒன்றே.

முடிவுரை

இக்கட்டுரையால் மாணாக்கர் யாவரும் மின்தொழிலாளராகிவிட வேண்டும் என்பது எம் கருத்தன்று. சட்டமும் அறிவும் உரிமம் பெற்றாரிடமே இத்தொழிலை ஒப்புவிக்கின்றன. ஆயினும் நோய் இன்னதென அறிந்து கூறும் அளவு அறிவு நம் ஒவ்வொருவர்க்கும் வேண்டும். புகார்ப் புத்தகத்தில் விசிறி ஓடவில்லை என எழுதுவதற்கும், முரல்கின்றது, கையால் தடையின்றிச் சுழல்கின்றது, இருதிசையிலும் தள்ளினால் ஓடுகின்றது, கண்டென்சர் வேண்டும் போலும் என எழுதுவதற்கும் வேறுபாடு பெரிது. இரண்டாவதைப் படிப்பவர் கையில் கண்டென்சரோடு வருவார்.

அறிந்தோம் என்னும் எண்ணமே அன்று எம்மைச் சாவின் அருகே நிறுத்திற்று. சுவிட்சு அணைந்தது கண்டு மின்சாரம் அணைந்தது எனத் துணிந்தோம், சோதித்துப் பார்த்தோமில்லை. நண்பர்காள், உங்கள் அறையின் விசிறி நாளை நிற்குமாயின் இக்கட்டுரையில் பிற யாவற்றையும் மறப்பினும், பியூஸைக் கழற்றிப் பையில் இடுவதையும் டெஸ்டரை வைத்துப் பார்ப்பதையும் மறவாதிருக்க. அப்பெரியவர் எம்மை எழுதி ஒட்டச் சொன்னதும் அதன்பொருட்டே.